நடைக்கும் ஓட்டத்துக்கும் துணையாக வாரம் 2 நாள் எடைப் பயிற்சி

தினமும் காலையில் மூச்சு வாங்காமல் 5 கிலோமீட்டர் நடந்துவிட்டு வருகிறவருக்கும், வாசலில் இறக்கிவைத்த 20 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்வதுண்டு. ஓடுகிறவர்களிடம் இது வேறு விதமாகத் தெரியும். தூரத்தைக் கூட்டிய சில வாரங்களில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்; அல்லது படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே விறைத்துக்கொண்டு இழுக்கும். இதயமும் நுரையீரலும் சீக்கிரமே தேறிவிட்டன, தசையும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் பின்தங்கிவிட்டன. நடந்தது அவ்வளவுதான்.

நடையில் ஒவ்வோர் அடிக்கும் தொடை செலவிடும் விசை, அதனால் முடிந்ததில் சிறு பங்குதான். அதையே 6,000 தடவை செய்தால் தாக்குப்பிடிக்கும் சக்தி கூடும், வலு கூடாது. 8 முதல் 15 தடவைக்குள் ‘இன்னும் இரண்டு முடியும், அதற்கு மேல் முடியாது’ என்ற இடத்துக்குக் கொண்டுபோகும் சுமைதான் புதியவரின் தசையை வளர வைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இரண்டையும் கேட்கிறது: வாரம் 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான பயிற்சி, அதோடு, உடலின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வாரம் 2 நாளாவது வலுப் பயிற்சி. நம்மில் பெரும்பாலோர் முதல் பாதியோடு நின்றுவிட்டோம்.

சர்க்கரைக்காக நடக்கத் தொடங்கியவர்கள் இந்த இரண்டாம் பாதியை விடவே கூடாது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளிழுத்துக்கொள்வது தசைதான். தொடையிலும் முதுகிலும் தசை கூடினால், அந்தச் சர்க்கரை போய்ச் சேரும் கிடங்கு பெரிதாகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு 2023இல் கணித்தது. அவர்களில் நடக்கச் சொல்லப்பட்டவர்கள் பலர் உண்டு, எடை தூக்கச் சொல்லப்பட்டவர்கள் குறைவு.

எந்த நாளில்

வாரம் 2 நாள், ஒவ்வொரு நாளும் 35 முதல் 40 நிமிடம். இரண்டு நாளுக்கும் நடுவில் 2 நாளாவது இடைவெளி இருக்கட்டும். செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் போதும். நடக்கிறவர்கள் நடையைக் குறைக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் இரண்டும் வந்தால் எடையை முதலில் முடித்துவிட்டு நடக்கப் போங்கள்; அல்லது காலையில் நடை, மாலையில் எடை. களைத்த காலோடு எடை தூக்கினால் முதலில் கெடுவது முதுகின் நிலை.

ஓடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்றால் சனிக்கிழமை எடை வேண்டாம். வேக ஓட்டம் ஓடும் நாளிலேயே, 6 மணி நேரம் கழித்து மாலையில் எடை தூக்கிவிட்டு மறுநாளை முழு ஓய்வாக விடுவது நல்ல ஏற்பாடு. கடினமான வேலையெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

‘கார்டியோ செய்தால் தசை கரைந்துவிடும்’ என்று ஜிம்மில் சொல்வார்கள். நடை, ஓட்டம், சைக்கிள் போல இதயத்துக்கும் மூச்சுக்கும் வேலை தரும் பயிற்சிதான் கார்டியோ. 1980இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்வுக்கு இந்தப் பயத்தில் பங்குண்டு. அதில் ஒரு குழு வாரம் 5 நாள் எடையும் 6 நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளுமாக 10 வாரம் பயிற்சி எடுத்தது. முதல் 7 வாரம் அவர்களின் வலுவும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதன் பிறகுதான் தேங்கிச் சரிந்தது. வாரம் 5 நாள் நடந்து 2 நாள் எடை தூக்குகிறவர் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டார்.

என்ன வேண்டும்

முதல் ஒரு மாதத்துக்கு எதையும் வாங்காதீர்கள். கைப்பிடி உறுதியான கட்டைப்பை இரண்டு, ஒரு கிலோ அரிசி அல்லது பருப்புப் பாக்கெட்டுகள் பத்துப் பன்னிரண்டு, அசையாத நாற்காலி ஒன்று, மாடிப்படி. கட்டைப்பையில் எடை 8 கிலோவைத் தாண்டும்போது ஒரு பைக்குள் இன்னொன்றைப் போட்டு இரட்டையாக்குங்கள். முதலில் விடுவது கைப்பிடித் தையல்தான். பாக்கெட்டில் ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு கிலோவாகக் கூட்டலாம். பாதி காலியான தண்ணீர் கேனைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். உள்ளே தண்ணீர் அலம்பி, தூக்கும் நடுவில் பக்கவாட்டில் இழுத்துவிடும்.

பிறகு வாங்குவதென்றால், தட்டுகளை மாட்டிக் கழற்றும் இரும்பு டம்பெல் ஒரு ஜோடி. 2.5 கிலோ தட்டுகளோடு 1 கிலோ தட்டுகளும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் தாவல் பெரிதாகிவிடும். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் தட்டுகள் விலை குறைவு. ஆனால் பருமனாக இருப்பதால் பிடிக்கும்போது உடம்பில் இடிக்கும், கீழே விழுந்தால் வெடித்து மணல் கொட்டும். ரப்பர் பேண்ட் பயணத்துக்கு நல்லது. ஆனால் எத்தனை கிலோ இழுத்தோம் என்று அதில் தெரியாது; நாள்பட்டால் விரிசல் விடும். இழுப்பதற்கு முன் முழு நீளத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஓட்டக் காலணியோடு எடை தூக்க வேண்டாம். அதன் மெத்தென்ற குதிப்பகுதி சுமையில் அமுங்கிப் பாதத்தை ஆட்டும். வெறுங்கால் போதும். டைல்ஸ் தரையில் வியர்வை சொட்டினால் வழுக்கும் என்பதால் பழைய ரப்பர் மிதியடி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

ஆறு அசைவுகள்

5 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள்: நின்ற இடத்தில் நடை, தோள்களைச் சுழற்றுவது, எடையில்லாமல் 10 பஸ்கி (ஸ்குவாட்). பிறகு இந்த வரிசையில்.

*பஸ்கி.* நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அதற்கு முன்னால் நில்லுங்கள். கால்கள் தோள் அகலம், பாதங்கள் லேசாக வெளிப்புறம் திரும்பியிருக்கட்டும். 3 நொடி எடுத்து மெதுவாக இறங்கி, பிட்டம் நாற்காலியைத் தொட்டதும் எழுங்கள். தொப்பென்று உட்கார்ந்துவிட்டால் இறங்கும்போது தசைக்குக் கிடைக்க வேண்டிய வேலை போய்விடும். முழங்கால் பாதவிரல்கள் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். எழும்போது உள்ளே ஒடுங்கினால் சுமை அதிகம் என்று பொருள். முழங்கால் விரல்களைத் தாண்டக் கூடாது என்று சொல்வார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். குதிகால் தரையை விட்டு எழும்பாமல் இருந்தால் போதும். எடையில்லாமல் 12 தடவை இரண்டு செட் (நடுவில் ஓய்வு விட்டு இரண்டு சுற்று) சுலபமாக வந்துவிட்டால், பையை மார்போடு அணைத்துக்கொண்டு 4 கிலோவில் தொடங்குங்கள். பஸ்கியை 100, 200 என்று எண்ணிக்கையில் ஏற்றுவது நம் ஊர்ப் பழக்கம். தாக்குப்பிடிக்கும் சக்தி உங்களுக்கு நடையிலேயே கிடைக்கிறது. இங்கே எடையைத்தான் ஏற்ற வேண்டும்.

*இடுப்பை மடக்கித் தூக்குவது.* ஜிம்மில் டெட்லிஃப்ட் என்பார்கள். இந்த ஆறில் ஒன்றை மட்டும் சரியாகக் கற்க நேரமிருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், தூங்கிப்போன குழந்தை என்று வீட்டில் தூக்கும் எல்லாமே இந்த அசைவுதான்.

சுவருக்கு முதுகைக் காட்டி, குதிகாலுக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு நில்லுங்கள். தரை துடைக்கும் மாப் கம்பை முதுகோடு நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மறு கை இடுப்புக்குப் பின்னால். கம்பு மூன்று இடத்தில் படவேண்டும்: பின்தலை, தோள்பட்டைகளின் நடு, பிட்டத்துக்குச் சற்று மேலே உள்ள எலும்பு. முழங்காலை லேசாகத் தளர்த்தி, காரின் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவதுபோல் இடுப்பைப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள். மேலுடம்பு தானாக முன்னால் சாயும். தொடையின் பின்பக்கம் இழுபடும். இழுபடவில்லையென்றால் முழங்காலை அதிகமாக மடக்கிப் பஸ்கியாக ஆக்கிவிட்டீர்கள். இப்போது கம்பைக் கவனியுங்கள். கீழே தொட்டுக்கொண்டிருந்த இடம் விலகினால் கீழ்முதுகு வளைந்துவிட்டது. அதற்குச் சற்று மேலேதான் இன்றைக்கு உங்கள் எல்லை. கம்பு விலகாமல் 10 தடவை வந்தால், சுவரிலிருந்து இரண்டு விரல்கடை முன்னால் நகர்ந்து மறுபடி செய்யுங்கள்.

இரண்டு மூன்று பயிற்சி நாளில் இது பழகிவிடும். பிறகு 8 கிலோ பையை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வையுங்கள். தரைவரை குனிய முதுகு வளைகிறதென்றால் பையை ஒரு முக்காலி மேல் ஏற்றிவைத்துத் தூக்கலாம். கைகள் வெறும் கயிறு மாதிரி தொங்கட்டும்; தரையைக் காலால் அழுத்தி, இடுப்பை முன்னால் கொண்டுவந்து நில்லுங்கள். நின்ற பிறகு பின்னால் வளைய வேண்டாம். தண்ணீர் கேனுக்கும் இதே முறைதான். கேனின் இருபுறமும் கால் வைத்து நின்று, இடுப்பை மடக்கிக் கேனை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். ஓர் அடி தள்ளி நின்று எட்டிப் பிடித்தால், கேன் அதே 20 கிலோதான். ஆனால் கீழ்முதுகுக்கு அது பல மடங்காகப் படும்.

*தண்டால்.* தரையில் ஒன்றுகூட வராதவர்கள் முழங்காலை ஊன்றிச் செய்வதைவிடக் கையை உயரத்தில் வைத்துத் தொடங்குவது மேல். உடம்பு தலையிலிருந்து குதிகால்வரை பலகைபோல் நேராக இருக்கப் பழகும். முதலில் சுவர், அடுத்து சமையல் மேடை, அடுத்து கட்டில் விளிம்பு, கடைசியாகத் தரை. ஓர் உயரத்தில் 12 தடவை இரண்டு செட் வந்தால் அடுத்த உயரத்துக்கு இறங்குங்கள். முழங்கை விலாவிலிருந்து பாதி விரிந்திருக்கட்டும். சிலுவைபோல் முழுக்க விரித்தால் தோள்மூட்டு நோகும். உடம்பை வளைத்து முன்னும் பின்னும் போகும் தேகப்பயிற்சிச் சாலைத் தண்டால் அருமையானது, ஆனால் தரையில் 10 சாதாரணத் தண்டால் வந்த பிறகு அதற்குப் போகலாம். கர்லாக்கட்டையும் அப்படித்தான், அதைப் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லித்தர வேண்டும், படித்துக் கற்கக் கூடாது.

*இழுப்பது.* இடது கையைக் கட்டிலில் ஊன்றி, மாப் கம்பில் பழகிய அதே நிலையில் குனிந்து, வலது கையில் பையைத் தொங்கவிடுங்கள். முழங்கையை பேன்ட் பாக்கெட்டை நோக்கி இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். தோள் காதை நோக்கி ஏறினாலோ, உடம்பு திருகினாலோ எடையைக் குறையுங்கள். நாள் முழுக்கக் கணினியிலும் போனிலும் கூனி உட்காருகிறவர்களுக்கு மேல்முதுகு வலுப்பெறுவது இதனால்தான்.

*ஆடுசதை.* மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி, முழுக்க உயர்த்தி, ஒரு நொடி நிறுத்துங்கள். இரண்டு காலிலும் 15 தடவை சுலபமானால் ஒற்றைக் கால். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் இந்தத் தசையும் குதிகால் நாணும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகின்றன. அப்படியும் ஓட்டக்காரர்கள் அதிகம் ஒதுக்குவது இதைத்தான்.

*சுமந்து நடப்பது.* இரண்டு கையிலும் பை, நிமிர்ந்த நடை, மொட்டைமாடியிலோ ஹாலிலோ 40 நொடி. அடுத்த வாரம் ஒரு கையில் மட்டும். சுமை இருக்கும் பக்கம் சாயாமல் நடக்க வேண்டும். வயிற்றுத் தசைக்குத் தனியாக எதுவும் தேவைப்படாது.

எத்தனை தடவை, எவ்வளவு எடை

முதல் வாரம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செட். போதாது என்றுதான் தோன்றும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். இரண்டாவது வாரத்திலிருந்து 2 செட், ஐந்தாவது வாரம் முதல் 3 செட். ஒரு செட்டுக்கு 8 முதல் 12 தடவை. ஆடுசதைக்கு 12 முதல் 15. செட்டுகளுக்கு நடுவே ஒன்றரை முதல் 2 நிமிடம் ஓய்வு. மூச்சை நன்றாக மீட்டுக்கொண்டு அடுத்த செட்டுக்குப் போங்கள். ஓய்வைச் சுருக்கி வியர்க்க வைத்தால் அது இன்னொரு கார்டியோவாகிவிடும். மேலே தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள்.

இன்னும் இரண்டோ மூன்றோ முடியும் என்ற நிலையில் செட்டை நிறுத்துங்கள். 12ஆவது தடவையிலும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்ய முடிந்தால் எடை போதவில்லை. 7ஆவது தடவையிலேயே முதுகு வளைகிறதென்றால் அதிகம்.

இதற்கெல்லாம் ஒரு 40 பக்க நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கும்: ‘செவ்வாய், பஸ்கி, 6 கிலோ: 10, 10, 8.’ வெள்ளிக்கிழமை அந்த வரியைப் பார்த்துவிட்டு அதே 6 கிலோவில் 11, 10, 9 வருகிறதா என்று பாருங்கள். எல்லா செட்டிலும் 12 வந்துவிட்டால், அதுவும் அடுத்தடுத்து இரண்டு நாள் வந்துவிட்டால், ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ கூட்டுங்கள். எண்ணிக்கை மறுபடி 8, 9க்கு இறங்கும். பிறகு அங்கிருந்து ஏறும். 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், அடிபட்ட வீரர்களின் கால்களுக்கு வலுவூட்டச் சுமையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை உருவாக்கினார். இன்றைய வலுப் பயிற்சியெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. பூங்காக்களில் இருக்கும் திறந்தவெளி ஜிம் கருவிகளின் குறையும் இதுதான். அவற்றில் பெரும்பாலானவற்றில் சுமையைக் கூட்ட வழியில்லை. மூட்டுகளை அசைக்க உதவும். இரண்டு மாதத்துக்குப் பிறகு வலு தராது.

முதல் ஆறு வாரத்தில் எடை வேகமாக ஏறும், கண்ணாடியில் மாற்றம் தெரியாது. அப்போது கூடுவது பெரும்பாலும் இருக்கும் தசையை நரம்பு மண்டலம் திரட்டிப் பயன்படுத்தும் திறன். தசை பருக்க அதற்கு மேல் காலமாகும். இந்த இடைவெளியில்தான் பலர் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். நோட்டு இருந்தால் ஆனது கண்ணுக்குத் தெரியும்.

எங்கே பிசகும்

முதல் நாள் உற்சாகத்தில் 100 பஸ்கி எடுத்துவிட்டு, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல், ஒரு வாரம் நடையும் கெட்டு, அதோடு நிறுத்தியவர்கள் ஏராளம். பழகாத தசை ஒரு நாள் கழித்து வலிக்கத் தொடங்கி மூன்றாம் நாள்வரை வலிக்கும், அது இயல்பு. அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்யும்போது வலி பாதிகூட இருக்காது. லேசான நடை அந்த வலிக்கு இதமாக இருக்கும். ஆனால் தசை வீங்கிக் கடுமையாக வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது.

தசையில் பரவலாக எரிவது வேறு, மூட்டில் ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்துவது வேறு. குத்தினால் அந்த அசைவின் ஆழத்தைக் குறைத்துப் பாருங்கள். எடையைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் இருந்தால் அன்றைக்கு அதை விட்டுவிட்டு மற்ற ஐந்தைச் செய்யுங்கள். முதுகுவலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கட்டுக்குள் வராத ரத்தக் கொதிப்பு, நடக்கும்போது நெஞ்சுவலி, குடலிறக்கம், சமீபத்திய அறுவை, சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு, கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் தூக்க வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

சாப்பாடு

தசை கட்டப் புரதம் வேண்டும். ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (என்ஐஎன்) 2020இல் சொன்ன அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம். எடை தூக்குகிறவர்கள் 1.2 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 60 கிலோ இருப்பவருக்கு அது 72 கிராம். இட்லி, தண்ணீர்ச் சாம்பார், ரசம், தயிர்சாதம் என்று ஓடும் நாளில் இதில் பாதி வருவதே கடினம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14, 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். மாலையில் பஜ்ஜி இருக்கும் இடத்தில் சுண்டல் வந்தாலே பெரிய மாற்றம். பவுடர் டப்பா அவசியமில்லை. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் புரதத்தை மருத்துவரின் சொற்படிதான் கூட்ட வேண்டும்.

12 வாரம் கழித்து

காய்ச்சல், கல்யாணம், ஊர்ப் பயணம் என்று இரண்டு வாரம் விட்டுப்போனால், நோட்டில் கடைசியாக எழுதிய எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். தொடர்ந்து செய்துவந்தால், 12ஆவது வாரம் முடிந்ததும் ஒரு வாரம் பாதி செட் மட்டும் செய்து உடம்பை ஆறவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வோர் அசைவையும் ஒரு படி கடினமாக்கலாம். பஸ்கிக்குப் பதில் ஒரு காலை முன்னால் வைத்து இறங்கி எழுவது. தண்டாலில் கட்டிலிலிருந்து தரைக்கு. தூக்குவதில் பையிலிருந்து நிரம்பிய 20 லிட்டர் கேனுக்கு. ஆறையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வாரத்துக்கு ஒன்றாக மாற்றினால், எங்காவது வலித்தால் எதனால் என்று நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.